தபாலில் வந்த ஏமஸ்கள்

முதல் உறை செவ்வாய்க்கிழமை வந்தது.
மீன் ஆலையில் இரவு வேலை முடித்து
கையுறை வாடை போகாத விரலால் கிழித்தேன்.
ஏமஸ் டிரூரி. வயது ஐம்பத்தொன்று.
வைக்கோல் பரணிலிருந்து விழுந்து, லவுத் பக்கம்.
எங்கள் ஏமஸுக்கு வைக்கோல் ஏது, பரண் ஏது?
வலை இழுத்தவன், என் அம்மாவின் தாத்தா,
கிரிம்ஸ்பித் துறையிலிருந்து ஒரு நவம்பரில் போனவன்.
கடல் எடுத்துக்கொண்டது என்பாள் அம்மா.
கடல் இல்லை, ஆற்றுக்கு அந்தப்பக்கம்
ஹல்லில் ஒருத்தி எடுத்துக்கொண்டாள் என்பார் மாமா.
இரண்டில் எது என்று அறிய
பன்னிரண்டு பவுண்டு.
தபால் செலவு தனி.

இரண்டாவது உறைக்கு மூன்று வாரம்.
அந்த ஏமஸ் மளிகைக்காரன், நுரையீரல் சளி,
கடைசியில் கூட இருந்தது மருமகள் எடித்.
தொலைபேசியில் கேட்டேன், பணம் திரும்புமா என்று.
நாற்பது நிமிடம் ஒரே வயலின் துண்டை
திருப்பித் திருப்பிக் கேட்கவைத்த பிறகு
ஒரு பையன், நல்ல பையன், சொன்னான்:
நீங்கள் கேட்ட பெயர், மிஸஸ் ஹெப்வொர்த்,
நீங்கள் கேட்ட ஆண்டு.
பதிவு சரியாகத்தான் இருக்கிறது.
ஆள் வேறு என்றால்
அது பதிவின் பிழை இல்லையே.

கிணறு வெட்டினால் பூதமாவது கிளம்பும்.
எனக்குக் கிளம்பியதெல்லாம்
அடுத்த வீட்டுப் பூதம்.

நெவில் ஒன்றும் சொல்லவில்லை.
பாய்லர் பழுதுக்கென்று சேர்த்த தகர டப்பாவை
ஒருமுறை ஆட்டிப் பார்த்தான்.
கோட்டைப் போட்டுக்கொண்டு
தொலைக்காட்சி முன் உட்கார்ந்தான்.

மூன்றாவதைப் பற்றி நீட்ட விருப்பமில்லை.
ஏமஸ் டிரூரி, பதினொன்று.
பதினொரு வயதுப் பிள்ளையா என்று உச்சுக் கொட்டியபின்தான்
எண்ணுக்குப் பக்கத்தில் ‘வாரம்’ இருப்பதைப் பார்த்தேன்.
தகவல் தந்தவர்: தாய்.
கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.
அதுவும் அவள் போட்டது அல்ல.
இது நகல்; நகலெடுத்த குமாஸ்தா
தன் சுத்தமான கையால்
அவளுக்காகப் போட்ட குறி.
அவளுக்கு இருந்த ஒரே எழுத்தும்
வந்து சேரவில்லை.

நான்காவது, சான்றிதழ் இல்லை.
கரையோரத் தேவாலயம் ஒன்றில்
அந்த நவம்பரில் ஒதுங்கிய உடல்களைப் புதைத்தார்களாம்.
பதிவேட்டை ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது.
தேடும் கூலி மணிக்கணக்கு,
அரை மணியும் அவர்களுக்கு ஒரு மணி.
புகைப்படம் வந்தது: பக்கம் முழுக்க
ஆறிப்போன தேநீர் நிறத்தில் ஒரு கறை.
ஐம்பத்து மூன்றில் வெள்ளம் உள்ளே வந்தபோது
பெட்டியோடு நனைந்துவிட்டது, வருந்துகிறோம்,
ரசீது இணைத்திருக்கிறோம்.
அவனைக் கடல் எடுத்ததோ இல்லையோ,
அவன் இருந்திருக்கக்கூடிய பக்கத்தை எடுத்திருக்கிறது.
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
ஓரத்தில் ‘டி’ எழுத்தின் வயிறு மாதிரி ஒரு வளைவு.
டிரூரியாக இருக்கலாம்.
டாசனாக இருக்கலாம்.
ஈரம் வந்து நின்ற விளிம்பாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்.
பரண் ஏமஸ், மளிகை ஏமஸ், வாரங்களின் ஏமஸ்,
பிறகு அந்தக் கறை.
வேண்டாதவற்றைத் தூக்கிப்போடு என்றார் மாமா.
குப்பைப் பை வரை கொண்டுபோனேன்.
எடித் என்று பெயர் தெரிந்தபின்
எப்படிப் போடுவது?

நேற்று, இடைவேளை நேரத்தில்,
உறைந்த மீன் பெட்டிமேல் தாளை வைத்து
இன்னொரு படிவம் நிரப்பினேன்.
எங்கள் ஏமஸுக்கு இல்லை.
அந்தப் பெருக்கல் குறிக்காரிக்கு.
அதன்பிறகு எத்தனை ஆண்டு இருந்தாள், எங்கே,
கடைசியில் யார் பக்கத்தில்.
‘இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?’
கொள்ளுப்பேத்தி என்றே எழுதிப் பழகிய கை
‘கொ’ போட்டுவிட்டு நின்றது.
அடித்தேன்.
மணி அடிக்குமுன்
கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி
சின்ன எழுத்தில் எழுதினேன்:
பணம் கட்டியவள்.